மூளையும் தீப்பந்தமும்: 1931-இன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பற்றி ஓர் ஆராய்ச்சி

படம் தொடங்குமுன், நாடக மேடையின் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, கண்ணியமான தோற்றமுடைய ஒருவர் நம் முன்னே வந்து நிற்கிறார். நிறுவனத் தலைவர் கார்ல் லெம்லியின் சார்பில் ஓர் எச்சரிக்கை சொல்ல வந்திருப்பதாகக் கூறும் அவர், கடவுளைக் கருதாமல் தன்னைப் போன்ற ஒரு மனிதனைச் சிருஷ்டிக்க முனைந்த விஞ்ஞானியின் கதையை நாம் காணப் போகிறோம் என்றும், அது நம்மைத் திகைக்கவும் நடுங்கவும் செய்யலாம் என்றும் அறிவித்துவிட்டு மறைந்துவிடுகிறார். யூனிவர்சல் நிறுவனம் 1931 நவம்பரில் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்னும் அந்தப் படத்தின் தாத்பரியம் இந்த முன்னுரையிலேயே அடங்கிவிட்டதாக அன்றுமுதல் பலரும் கொண்டுவிட்டார்கள். அறிவு தன் எல்லையை மீறியது, மீறியதற்குரிய தண்டனையை அடைந்தது என்பதே அவர்கள் கண்ட பொருள். படத்தை ஊன்றிப் பார்க்குந்தோறும் எனக்கு உறுதிப்படுகிற அபிப்பிராயம் வேறு. வசனம் வாயால் போதிக்கிற பாடம் ஒன்று. ஜேம்ஸ் வேல் என்ற டைரக்டரும் போரிஸ் கார்லாஃப் என்ற நடிகரும் நம் கண்ணுக்குக் காட்டுகிற பாடம் மற்றொன்று. பின்னது முன்னதைக் காட்சிக்குக் காட்சி மறுத்துக்கொண்டே செல்கிறது.

கதையின் மூலத்தை முதலில் நினைவுகூர வேண்டும். 1816-ஆம் ஆண்டுக் கோடையில், ஜினீவா ஏரிக்கரையிலுள்ள வில்லா டியோடாட்டி என்ற மாளிகையில், பைரனும் ஷெல்லியும் மருத்துவர் பொலிடோரியும் கூடியிருந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று எழுந்த யோசனையிலிருந்து பிறந்த மேரி ஷெல்லியின் நாவல், 1818 ஜனவரியில், ஆசிரியையின் பெயரைத் தாங்காமலே லண்டனில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 20. அந்நாவலில் உயிரூட்டும் நிகழ்ச்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கோபுரம் இல்லை, இடி மின்னல் இல்லை, கூனனான உதவியாளும் இல்லை. இங்கோல்ஸ்டாட் நகரத்து மாணவன் ஒருவன் நவம்பர் மாதத்து மழையிரவில் தனியே இருந்து அக்காரியத்தைச் செய்து, தான் செய்ததைக் கண்டு தானே அருவருத்து, அறையை விட்டு ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்தச் சிருஷ்டியோ காட்டோரத்துக் குடிசையொன்றின் பக்கத்தில் மறைந்திருந்து மொழி கற்று, மில்டனையும் புளூடார்க்கையும் கதேயையும் வாசித்து, தன்னைப் படைத்தவன்மீது வழக்குத் தொடுப்பதுபோல் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. தனக்குத் தீமை கற்பித்தது மனிதர் காட்டிய வெறுப்பே என்பது அதன் வாதம். தவளைக் காலில் மின்சாரத்தைப் பாய்ச்சி அதைத் துள்ளச் செய்த கால்வானியின் சோதனைகளும், அவருடைய மருமகன் அல்தீனி 1803-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட குற்றவாளியின் பிரேதத்தில் நடத்திய மின்சாரப் பரீட்சையும் அக்காலத்துப் படித்தவர்களிடையே பெரும் பேச்சாக இருந்தன என்பது உண்மையே. ஆயினும் நாவலாசிரியையின் சிந்தை சென்றது உபகரணங்களின்பால் அன்று. அதற்குப் பின் வரும் கடமையின்பால்.

நாவலுக்கும் திரைப்படத்துக்கும் இடையே ஒரு நாடகம் நிற்கிறது. பெக்கி வெப்லிங் என்ற ஆங்கில நாடகாசிரியை 1927-இல் எழுதியதை ஜான் பால்டர்ஸ்டன் அமெரிக்க மேடைக்காகத் திருத்த, அதன் உரிமையை யூனிவர்சல் வாங்கிற்று. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் ஆழ்ந்துகொண்டிருந்த காலம் அது. 1931 பிப்ரவரியில் வெளியான ‘டிராகுலா’ கொட்டிய பணத்தைக் கண்ட, நிறுவனத் தலைவரின் மகனான இளைய லெம்லி, அதே வகையில் இன்னொன்று வேண்டுமென்று துடித்தார். ராபர்ட் ஃப்ளோரி என்ற பிரெஞ்சு டைரக்டரிடம் பொறுப்பு முதலில் ஒப்படைக்கப்பட்டது. டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பேலா லுகோசியை வைத்து ஒரு சோதனைப் படமும் எடுத்துப் பார்த்தார்கள். பின்னர் அவ்விருவரும் வேறொரு படத்துக்கு மாற்றப்பட, ஜேம்ஸ் வேலின் கைக்கு இது வந்து சேர்ந்தது.

வேலின் ஜீவியத்தில் ஒரு பகுதியை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் டட்லி என்ற தொழில் நகரில், உழைப்பாளிக் குடும்பமொன்றில், 1889-இல் பிறந்த அவர், முதல் உலக யுத்தத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்து, 1917-இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஹோல்ஸ்மிண்டன் கைதி முகாமில் அடைபட்டிருந்தபோது, சக கைதிகளைக் கொண்டு நாடகம் போட்டுப் பழகியவர். பதுங்கு குழிகளின் துயரத்தைச் சொல்லும் ஷெரிஃபின் ‘ஜர்னீஸ் எண்ட்’ நாடகத்தை 1928-இல் லண்டனில் மேடையேற்றியதும், அதையே 1930-இல் படமாக்கியதும் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. அந்நாடகத்தில், நரம்பு தளர்ந்து மதுவில் ஆறுதல் தேடும் படைத்தலைவனாக வந்த காலின் கிளைவ்தான் இங்கே விஞ்ஞானி ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன். சடலங்களின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துத் தைத்து ஓர் ஆளை உண்டாக்கும் கதை, சிதைந்த உடல்களும் தையலிட்ட முகங்களுமாக ஒரு தலைமுறையே போர்க்களத்திலிருந்து திரும்பி வந்ததைக் கண்ணாரக் கண்ட மனிதரின் கைக்கு வந்தது. படத்தில் அச்சிருஷ்டி வெறும் பூச்சாண்டியாகாமல் காயப்பட்டதொரு ஜீவனாகவே தோன்றுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

நாவலில் சில வரிகளில் அடங்கிய உயிரூட்டல், படத்தில் ஒரு மகத்தான சடங்காக விரிகிறது. பாழடைந்த கோபுரத்தின் உச்சியில், வானளாவி நிற்கும் கற்சுவர்களுக்கு நடுவே, கென்னத் ஸ்டிரிக்ஃபாடன் என்ற மின்கலைஞர் அமைத்துக் கொடுத்த இயந்திரங்கள் நீலப்பொறி கக்குவதை நாம் கறுப்பு வெள்ளையிலும் உணர்கிறோம். துணி போர்த்திய உடலைத் தாங்கிய மேடை சங்கிலிகளால் இழுக்கப்பட்டுக் கூரைத் திறப்பை நோக்கி உயர்கிறது. மின்னலைக் குடித்துவிட்டு இறங்குகிறது. ஒரு கை மெல்ல அசைகிறது. உயிர் வந்துவிட்டது, உயிர் வந்துவிட்டது என்று ஹென்றி வெறிகொண்டு கூவுகிறான். இதன் பின்னணியில் ஒரு சொட்டுச் சங்கீதமும் கிடையாது; தொடக்கத்திலும் முடிவிலும் தவிர இப்படத்தில் பின்னணி வாத்திய இசை இல்லாமையால், இடியும் சங்கிலி ஓசையும் மூச்சுமே அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் இக்காட்சியில் நான் மிகவும் மதிக்கிற அம்சம் வேறு. புயலிரவில் தன்னைத் தடுக்க வந்த மணப்பெண் எலிசபெத்தையும் நண்பன் விக்டரையும் பழைய ஆசிரியர் வால்ட்மனையும் ஹென்றி என்ன செய்கிறான்? வரிசையாக நாற்காலியில் உட்கார வைக்கிறான்! தன் சாதனைக்குச் சபையோர் வேண்டும் அவனுக்கு. பிறக்கப்போகும் உயிருக்கு மறுநாள் என்ன உணவு, எங்கே உறக்கம் என்ற சிந்தை அவனிடம் எள்ளளவும் காணோம். பின்னால் நிகழும் அனர்த்தம் முழுவதற்கும் வித்து இங்கேதான் விழுகிறது. டைரக்டர் அதை ஒரு சொல்லும் சொல்லாமல் நாற்காலிகளைக் கொண்டே காட்டிவிடுகிறார்.

இனி அந்த மூளைக்கு வருவோம். கோல்ட்ஸ்டாட் மருத்துவக் கல்லூரியில் வால்ட்மன் இரண்டு கண்ணாடி ஜாடிகளை மாணவர்களுக்குக் காட்டி, ஒன்று இயல்பான மூளை, மற்றது கொடுங்குற்றவாளியின் மூளை என்று மடிப்புகளின் வேற்றுமையை விளக்கிவிட்டுப் போன பின், ஹென்றியின் உதவியாளான கூனன் ஃபிரிட்ஸ் சாளரத்தின் வழியே உள்ளே நுழைகிறான். நல்ல மூளையை எடுத்தவன் திடீரெனக் கேட்ட ஓசைக்கு வெருண்டு அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இந்த நிகழ்ச்சி நாவலில் இல்லை. அங்கே சிருஷ்டி கெட்டதற்குக் காரணம் உலகம் அதை நடத்திய விதம். திரைக்கதையோ அதை மாற்றி, குற்றம் பிறக்குமுன்பே மண்டைக்குள் புகுந்துவிட்டது என்று ஸ்தாபிக்கப் பார்க்கிறது.

இதை வெறும் கதைச் சௌகரியம் என்று ஒதுக்கிவிடலாகாது. குற்றவாளி என்பவன் பிறவியிலேயே வேறு ஜாதி மனிதன், அவனை மண்டையோட்டின் வடிவத்திலிருந்தே கண்டுகொள்ளலாம் என்ற சித்தாந்தத்தை இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் நூலாக வெளியிட்ட காலந்தொட்டு, அது ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நெடுங்காலம் ஆட்கொண்டிருந்தது. ஹாலிவுட் அமைந்துள்ள கலிபோர்னியா மாகாணம், மனக்குறை உடையோர் என்று அதிகாரிகள் தீர்மானித்தவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய 1909-இலேயே சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டத்தை அமல் செய்வதில் பிற மாகாணங்களை எல்லாம் அது விஞ்சி நின்றது. வர்ஜீனியா மாகாணத்தின் இத்தகைய சட்டமொன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இல் செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்து, அக்கொடுமைக்கு நியாயத்தின் முத்திரையையும் அளித்திருந்தது. ஆக, அழுகிய மூளை அழுகிய செயலையே செய்யும் என்ற கருத்து 1931-இன் ரசிகர்களுக்குப் புனைவாகப் பட்டிராது. செய்தித்தாளில் படித்த விஞ்ஞானமாகவே பட்டிருக்கும். அந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான் வேலும் கார்லாஃபும் வேலை செய்ய வேண்டியிருந்தது. திருடப்பட்டது குற்றவாளியின் மூளை என்று வால்ட்மன் சொல்லக் கேட்ட ஹென்றி ஒரு கணம் அதிர்ந்து, பிறகு அது செத்துப்போன ஒரு சதைத் துண்டுதானே என்று தேற்றிக்கொள்ளுமிடம் வசனத்திலேயே உண்டு. அவன் அலட்சியமாகச் சொன்ன அந்த வாக்கியம், அவன் அறியாமலே, படத்தின் மற்றெந்த உபதேசத்தைக் காட்டிலும் உண்மைக்குச் சமீபமாக இருக்கிறது.

அதற்குச் சான்று அடுத்தாற்போல் வருகிறது. வெளியே கனத்த காலடியோசை கேட்க, ஹென்றி விளக்கைக் குறைக்கிறான். கதவு திறக்கிறது, வாயிலில் ஒரு முதுகு தெரிகிறது. பின்புறமாகவே உள்ளே வந்த அந்த உருவம் மெல்லத் திரும்ப, காமிரா மூன்று தாவல்களில் அருகே, இன்னும் அருகே, மிக அருகே சென்று அம்முகத்தை நமக்குக் காட்டுகிறது. பயங்கரத்துக்கு இலக்கணமான இந்த அறிமுகத்துக்குப் பின் நாம் எதிர்பார்ப்பது ஒரு கொலை. நடப்பதோ, உட்காரச் சொன்னதும் அது உட்காருவது. இதுவரை முழு இருளில் வைக்கப்பட்டிருந்த அதன் தலைக்கு மேலே கூரைக் கதவைச் சங்கிலி பிடித்து ஹென்றி இழுக்க, பகல் ஒளி சரிந்து விழுகிறது. கண்ணிமைகள் கனக்க அது அண்ணாந்து பார்க்கிறது, எழுந்து நிற்கிறது, இரு கைகளையும் உயர்த்தி, நீண்ட விரல்களால் அந்த ஒளியைத் தொட, பிடிக்க, ஏந்த முயல்கிறது. வால்ட்மன் வெளிச்சத்தை அடைத்துவிடச் சொல்கிறார், கதவு மூடப்படுகிறது. மீண்டும் நாற்காலியில் அமர்த்தப்பட்ட அச்சிருஷ்டி, உள்ளங்கைகளை விரித்து ஹென்றியை நோக்கி நீட்டுகிறது. கொடுத்ததை ஏன் பறித்தாய் என்று அக்கைகள் கேட்கின்றன. கொடுங்குற்றவாளியின் மூளை உலகில் வந்து முதன்முதல் விரும்பிய பொருள் சூரிய வெளிச்சம் என்பதை இப்படிக் காட்டிய பிறகு, ஜாடியின்மீது ஒட்டிய சீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

அக்கைகளுக்குரியவரைப் பற்றி ஒரு சொல். லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பிராட் என்பவரே போரிஸ் கார்லாஃப் என்ற புனைபெயரில் வாழ்ந்தவர். அவருடைய தகப்பனார் இந்தியாவில் ஆங்கில ஆட்சியின் உப்பு வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். கனடாவிலும் அமெரிக்காவிலும் நாடகக் கம்பெனிகளோடு அலைந்து, சில்லறை வேஷங்களில் எண்ணற்ற படங்களில் தலைகாட்டி, 43 வயதுவரை பெயர் தெரியாதவராகவே இருந்தவரை, ஸ்டூடியோ உணவுக்கூடத்தில் கண்டு அந்த முகவெட்டில் வேல் மனம் பற்றியது சினிமா சரித்திரத்தின் பாக்கியங்களில் ஒன்று. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் உழைத்து, தட்டையான உச்சந்தலையையும், துருத்திய நெற்றியையும், மின்சாரம் ஏறுவதற்குக் கழுத்தின் இரு புறமும் உலோக முளைகளையும் அமைத்தார். கண்கள் மிகவும் விழிப்பாகத் தெரிகின்றன என்று நடிகருக்குத் தோன்றவே இமைகளின் மேல் மெழுகு பூசப்பட்டது. கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டதால் ஒரு கன்னம் குழி விழுந்தது. இத்தனை பளுவுக்கும் அடியிலிருந்து, பேசுவதற்கு ஒரு வார்த்தைகூட இல்லாமல், ஒரு குழந்தையின் திகைப்பை வெளிக்கொணர்ந்தாரே, அதை நடிப்பென்று சொல்வதா, தவம் என்று சொல்வதா! தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அந்தப் பாத்திரத்துக்கு எதிரே நடிகர் பெயர் போடாமல் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டார்கள். படம் முடிந்த பிறகே கார்லாஃபின் பெயர் வருகிறது.

ஒளிக்காட்சி முடிந்த மறுகணமே ஃபிரிட்ஸ் கையில் தீப்பந்தத்துடன் ஓடி வருகிறான். சிருஷ்டி வெருண்டு அலறுகிறது. அந்தப் பயத்தைப் பாய்ச்சல் என்று கொண்ட வால்ட்மன் அதைச் சுட்டுவிடச் சொல்கிறார். மூவருமாக அமுக்கிக் கயிற்றால் கட்டி நிலவறைச் சங்கிலியில் பிணைக்கிறார்கள். அங்கே ஃபிரிட்ஸ் சாட்டையால் அடிக்கிறான், முகத்தருகே பந்தத்தைக் காட்டிக் களிக்கிறான். ஊரால் கூனன் என்று இகழப்பட்டவன் தனக்கும் கீழே ஒருவன் கிடைத்தான் என்று கண்டதும் கொள்ளும் அந்தக் குரூரமான மகிழ்ச்சியை டுவைட் ஃப்ரை நடித்துக் காட்டியிருப்பது பார்ப்பவர் மனத்தைக் கலக்குவது. விட்டுவிடு என்று ஹென்றி சலிப்போடு ஒரு வார்த்தை சொல்கிறான். சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறான். தடுப்பதற்கு அவன் செய்ததெல்லாம் அவ்வளவே. ஃபிரிட்ஸ் கொல்லப்பட்டதும், மயக்க மருந்து கொடுத்து உயிரோடு அறுத்துப் பார்க்கத் துணிந்த வால்ட்மன் அந்த மேஜையருகிலேயே கழுத்து நெரிபட்டு இறந்ததும் இதற்குப் பின் நடந்தவை. அந்நேரம் படைத்தவனோ தந்தையின் மாளிகையில் கலியாண ஏற்பாட்டில் இருக்கிறான்.

அடுத்து ஏரிக்கரைக் காட்சி. தகப்பன் வெளியே போயிருக்க, பூனைக்குட்டியோடு தனித்திருந்த சிறுமி மரியா, புதரை விலக்கிக்கொண்டு வந்த உருவத்தைக் கண்டு அஞ்சவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்து, பக்கத்தில் உட்கார்த்தி, தன் பூக்களில் பாதியைக் கொடுக்கிறாள். ஒவ்வொன்றாக நீரில் எறிந்து அவை படகுபோல் மிதப்பதைக் காட்டுகிறாள். படம் முழுவதிலும் அந்தச் சிருஷ்டி சிரிப்பது இங்கேதான். தன் பங்குப் பூக்கள் தீர்ந்ததும் வெறுங்கையைப் பார்க்கிறது. பூவைப் போல் அழகான இவளும் மிதப்பாள் என்று எண்ணியோ என்னவோ, அவளைத் தூக்கி நீரில் போட்டுவிடுகிறது. அவள் மேலே வராமற்போகவே, பதறித் தடுமாறி, கைகளைப் பிசைந்துகொண்டு ஓடுகிறது. மாகாணத் தணிக்கையாளர் சிலர் இதைப் பொறுக்கவில்லை. 1934-இல் ஒழுக்க விதிகள் கடுமையான பின்னர் வந்த மறுவெளியீட்டிலும் இந்தப் பகுதி வெட்டப்பட்டதோடு, கடவுளாக இருப்பது எப்படியென்று தனக்கு இப்போது தெரிகிறது என்று ஹென்றி கூவும் வசனமும் இடியோசையால் மூடப்பட்டது. வெட்டு விழுந்த இடமோ, அச்சிருஷ்டி குழந்தையை நோக்கிக் கைநீட்டும் இடம். அடுத்து நாம் காண்பது, திருவிழாக் கூட்டத்தின் நடுவே பேச்சற்ற தகப்பன் மகளின் சடலத்தைக் கையிலேந்தி நடந்து வருவது. இடையில் என்ன நடந்திருக்கும் என்பதை ரசிகன் தானே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவன் இட்டு நிரப்பியது எடுத்த காட்சியைவிடப் பன்மடங்கு கொடியது. குழந்தைமையின் அறியாமையால் நேர்ந்த விபத்தைக் காமக் கொடூரமாக ஐயுறச் செய்த பழி தணிக்கையாளரையே சேரும். விடுபட்ட பகுதிகள் 1980-களில்தான் மீட்டு இணைக்கப்பட்டன. அதுவரை ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், அவ்விதம் குறைபட்ட பிரதியைப் பார்த்தவர்களுக்கு மூளைச் சித்தாந்தமே மெய்யாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஊரார் பந்தங்களை ஏந்தி மலையேறும் இறுதிப் பகுதியில், நிலவறையில் ஒருவன் கையிலிருந்த தீ நூறு கைகளுக்குப் பரவிவிடுகிறது. காற்றாலைக்குள் சிக்கிய ஹென்றியும் சிருஷ்டியும் சுழலும் பற்சக்கரத்தின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் நோக்குவதை, சக்கரத்தின் இடைவெளிகளினூடே முகத்துக்கு முகம் மாற்றி மாற்றி வேல் காட்டுமிடத்தில், எது வேட்டையாடுவது எது வேட்டையாடப்படுவது என்ற பேதமே மறைகிறது. ஆலை எரிகிறது, விழுந்த உத்தரத்தின் கீழ் அகப்பட்ட சிருஷ்டி தான் எப்போதும் அஞ்சிய தீயின் நடுவிலேயே கதறுகிறது. ஹென்றியும் இறப்பதாகவே முதலில் முடிவு கட்டியிருந்தார்கள். பின்னர் அவன் பிழைத்துக்கொண்டதாக மாற்றி, அவன் தந்தையான கிழப்பிரபு மதுக்கிண்ணத்தை உயர்த்தி இவ்வம்சத்துக்கு ஒரு மகன் பிறக்க வாழ்த்தும் காட்சியை ஒட்டினார்கள். வணிக நிர்ப்பந்தத்தால் சேர்ந்தது என்றாலும் அது உறுத்துகிறது. எரிந்துபோன மூத்த மகனை அங்கே ஒருவரும் நினைக்கவில்லை.

வேல் 1935-இல் எடுத்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படம், ஆலையின் அடிநீரில் அச்சிருஷ்டி பிழைத்ததாகக் கொண்டு கதையைத் தொடர்கிறது. அங்கே கண்தெரியாத துறவி ஒருவர் அதற்குச் சோறும் பிடில் இசையும் பேச்சும் கொடுக்க, அது அழுகிறது, நண்பன் என்ற சொல்லைக் கற்கிறது. பார்வையுள்ள இருவர் துப்பாக்கியுடன் வந்தபிறகே அந்தக் குடிசை எரிகிறது. முதற்படத்தில் கைகளால் நிறுவிய வாதத்தை இங்கே வேல் வாய்விட்டே சொல்லிவிட்டார். அவர் இத்தொடரை விட்டு விலகிய பின்னர் எடுக்கப்பட்டவற்றில், குறிப்பாக 1942-இன் ‘கோஸ்ட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில், கதை முழுவதும் யாருடைய மூளையை எடுத்து யாருடைய தலையில் வைப்பது என்ற சர்ச்சையாகவே சுருங்கிவிட்டது; கார்லாஃபும் அதில் இல்லை. அந்தப் படங்களில் பயமுறுத்தல் மிகுந்திருக்கிறது, ஒப்பனையும் ஏறத்தாழ அதுவேதான். ஆனால் கூரை திறந்து வெளிச்சம் விழும்போது கையை உயர்த்தத் தெரிந்த ஜீவன் எதையும் அவற்றில் என்னால் காண முடியவில்லை.